சிப்ஸ் கூடையிலிருந்து கல்லாப்பெட்டி வரை: டெக்ஸ்-மெக்ஸ் சாப்பாட்டுக்கு ஓர் அறிமுகம்

சான் அன்டோனியோவிலிருந்து தெற்கே இறங்கும் நெடுஞ்சாலையில் ஏதாவது ஒரு சின்ன ஊருக்குள் திரும்பிப் பாருங்கள். நடுவில் பழைய கோர்ட் கட்டடம், உயரமான தண்ணீர்த் தொட்டி, பள்ளிக்கூடத்து ஃபுட்பால் மைதானம், இரண்டு பெட்ரோல் நிலையம். அப்புறம் பெரும்பாலும் ஒரு டெக்ஸ்-மெக்ஸ் உணவகம். வாசலில் பிக்கப் டிரக்குகள் புழுதியோடு நிற்கும். உள்ளே போய் உட்கார்ந்து மெனு அட்டையைப் பிரிப்பதற்குள் ஒரு கூடை சிப்ஸும் ஒரு கிண்ணம் சல்சாவும் மேசைக்கு வந்துவிடும். நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள். பெரும்பாலான கடைகளில் அதற்குக் காசும் கிடையாது. தீரத் தீர நிரப்புவார்கள்.

ஊரிலிருந்து எங்கள் வீட்டுக்கு வருகிறவர்களை நான் முதல் வாரமே இப்படி ஒரு கடைக்கு அழைத்துப்போய்விடுவேன். எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: "இது மெக்சிகோ சாப்பாடா, அமெரிக்கச் சாப்பாடா?" இது டெக்சஸ் சாப்பாடு என்பதுதான் என் பதில். அது ஏன் என்று புரியவைக்க மேசைக்கு வரும் ஒவ்வொரு தட்டாகத்தான் போக வேண்டும். அதற்கு முன் கொஞ்சம் வரலாறு.

டெக்சஸ் ஒரு காலத்தில் மெக்சிகோவின் பகுதி. 1836-ல் பிரிந்து தனி நாடானது. 1845-ல் அமெரிக்காவோடு இணைந்தது. அடுத்த வருடமே அமெரிக்காவுக்கும் மெக்சிகோவுக்கும் போர் மூண்டது. 1848-ல் போர் முடிந்தபோது ரியோ கிராண்டே நதிதான் எல்லை என்று முடிவானது. நதிக்கு வடக்கே தலைமுறை தலைமுறையாக மாடு மேய்த்தும் சோளம் விதைத்தும் வாழ்ந்துவந்த குடும்பங்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. அவர்களைச் சுற்றித்தான் நாடு மாறியது. "நாங்கள் எல்லையைத் தாண்டவில்லை, எல்லைதான் எங்களைத் தாண்டிப் போனது" என்று இங்கே ஒரு சொலவடை உண்டு. இந்த மக்களை டெஹானோ என்பார்கள். டெக்ஸ்-மெக்ஸ் என்பது முதலில் அவர்கள் வீட்டுச் சமையல். கையில் இருந்த மாட்டிறைச்சி, பக்கத்தில் குடியேறிய ஜெர்மானியர்களும் மற்ற வெள்ளையர்களும் கொண்டுவந்த மஞ்சள் நிறச் சீஸ், கடையில் கிடைத்த கோதுமை மாவு, டின் தக்காளி ஆகியவற்றோடு சேர்ந்து அது வளர்ந்தது.

பெயர் வந்த கதை ரயிலில் இருக்கிறது. கார்ப்பஸ் கிறிஸ்டி துறைமுகத்தையும் எல்லையோர லரேடோவையும் இணைக்க 1875-ல் ஒரு ரயில் நிறுவனம் தொடங்கப்பட்டது. பின்னர் அதற்கு டெக்சஸ் மெக்சிகன் ரயில்வே என்று பெயர் மாற்றினார்கள். மக்கள் வாயில் அது சுருங்கி டெக்ஸ்-மெக்ஸ் ஆனது. ரயிலுக்கு வைத்த பெயர் பிறகு மனிதர்களுக்கு ஒட்டியது, அவர்கள் பேச்சுக்கு ஒட்டியது, கடைசியாகத்தான் சாப்பாட்டுக்கு வந்தது. 1970-களில் டயானா கென்னடி போன்ற சமையல் எழுத்தாளர்கள் மெக்சிகோவின் உள்நாட்டுச் சமையலைப் பற்றி எழுதத் தொடங்கியபோது, எல்லைக்கு இந்தப் பக்கம் கிடைப்பது வேறு என்று கோடு போட்டுப் பிரித்தார்கள். அதனால் டெக்ஸ்-மெக்ஸ் என்ற சொல்லுக்குப் 'போலி மெக்சிகோ சாப்பாடு' என்ற அர்த்தம் வெகுநாள் ஒட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பேச்சை நான் ஏற்பதில்லை. ஒரு மண்ணின் மக்கள் தங்கள் கைக்குக் கிடைத்ததை வைத்து நூற்றைம்பது வருடத்துக்கும் மேலாகச் சமைத்துவந்தால், அது அந்த மண்ணின் சமையல்தான்.

சரி, மேசைக்கு வருவோம்.

கூடையில் இருக்கும் சிப்ஸ் மக்காச்சோள டோர்ட்டியாவை முக்கோணமாக வெட்டி எண்ணெயில் பொரித்தது. டோர்ட்டியா என்றால் மெல்லிய வட்ட ரொட்டி. பார்க்க எளிமையான பண்டம். ஆனால் இந்த மேசையில் மிகப் பழைய அறிவு அதற்குள்தான் இருக்கிறது. அதனால் இங்கே கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

காய்ந்த மக்காச்சோளத்தை வெறுமனே அரைத்துப் பிசைந்தால் மாவு ஒட்டாது, தட்டினால் உதிர்ந்துபோகும். மெக்சிகோவின் ஆதி மக்கள் ஆயிரக்கணக்கான வருடங்களுக்கு முன்பே இதற்கு வழி கண்டுபிடித்தார்கள். சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து இரவு முழுக்க ஊறவிடுவது. நாம் வெற்றிலைக்குத் தடவும் அதே சுண்ணாம்பு. காலையில் மணியின் தோல் வழுக்கிக்கொண்டு வரும். அலசிவிட்டு அம்மி போன்ற கல்லில் அரைத்தால் மாவு பசையோடு உருண்டு வரும், தட்டையாகத் தட்டலாம். இப்படிப் பக்குவம் செய்த சோளத்துக்கு நிஷ்டமால் என்று பெயர். மெக்சிகோவின் ஆதி மக்கள் மொழிகளில் ஒன்றான நவாட்லில் இருந்து வந்த சொல். அரைத்த மாவு மசா. டோர்ட்டியா சூடாக இருக்கும்போது அதிலிருந்து ஒரு மண்வாசனை எழும். அந்த வாசனையைக் கொடுப்பது சுண்ணாம்புதான்.

சுண்ணாம்பு இன்னொரு வேலையும் செய்கிறது. மக்காச்சோளத்தில் இருக்கும் நயாசின் என்ற வைட்டமின் சத்து நம் உடம்பு எடுத்துக்கொள்ள முடியாதபடி கட்டுண்டு கிடக்கும். சுண்ணாம்பு அந்தக் கட்டை அவிழ்த்துவிடும். ஸ்பானியர்கள் சோளத்தை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள், சுண்ணாம்புப் பக்குவத்தைக் கொண்டுபோகவில்லை. விளைவு, சோளத்தையே நம்பி வாழ்ந்த ஏழைகளுக்கு பெலாக்ரா என்ற நோய் வந்தது. தோல் வெடிக்கும், வயிறு கெடும், புத்தி தடுமாறும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் ஆயிரக்கணக்கானோர் அதில் செத்தார்கள். இது தொற்றுநோய் அல்ல, உணவுக் குறைபாடு என்று ஜோசப் கோல்ட்பெர்கர் என்ற மருத்துவர் நிறுவப் பல வருடங்கள் போராட வேண்டியிருந்தது. அதே காலத்தில், சோளத்தைச் சுண்ணாம்பில் வேகவைத்துத் தின்ற மெக்சிகோ வீடுகளை அந்த வியாதி அண்டவில்லை. அந்தக் கூடையிலிருந்து ஒரு சிப்ஸை எடுக்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும்.

சல்சா என்றால் ஸ்பானிய மொழியில் குழம்பு, தொக்கு எல்லாவற்றுக்கும் பொதுவான சொல். இங்கே தக்காளி, வெங்காயம், மிளகாய், கொத்தமல்லித்தழை சேர்த்து அரைத்தது. மிளகாய் பெரும்பாலும் ஹலபேன்யோ. சில கடைகளில் அதைவிடக் காரமான செரானோ. சிப்ஸும் சல்சாவும் 2003 முதல் டெக்சஸின் அதிகாரபூர்வ மாநிலச் சிற்றுண்டி. ஹலபேன்யோ 1995 முதல் மாநில மிளகாய். நம் நாக்குக்குக் கடைச் சல்சாவில் காரம் போதவில்லை என்றால் "சிலே டொரியாடோ" என்று கேளுங்கள். முழு ஹலபேன்யோவைச் சூடான கல்லில் போட்டுத் தோல் கருகும்வரை புரட்டி, உப்பும் எலுமிச்சையும் தெளித்துத் தருவார்கள். என்னோடு வந்த யாரும் அதை மிச்சம் வைத்ததில்லை.

முதல் முறை போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. கூடையைக் காலி செய்துவிடாதீர்கள். பசியோடு வந்தவர்கள் சிப்ஸிலேயே வயிற்றை நிரப்பிக்கொண்டு, வந்த தட்டைத் தொடாமல் பொட்டலம் கட்டிப்போவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அடுத்து பரிமாறுகிறவர் வருவார். சின்ன ஊர்க் கடைகளில் பல வருடமாக அதே வேலையில் இருக்கும் பெண்கள் அதிகம். வயதில் மூத்தவர்களாக இருந்தால் உங்களை "மீஹா" என்று கூப்பிடுவார்கள். ஆணாக இருந்தால் "மீஹோ". என் மகளே, என் மகனே என்று பொருள். நம் ஊரில் முன்பின் தெரியாத பெரியம்மா ஒருவர் "வா கண்ணு" என்பது போலத்தான். நான் இந்த நாட்டுக்கு வந்த முதல் வருடத்தில், வீட்டுக்கு வெளியே என்னை ஒருவர் மகளே என்று கூப்பிட்டது இப்படி ஒரு மேசையில்தான்.

அவர் கேட்கும் முக்கியமான கேள்வி: "கார்னா, ஃப்ளவரா?" மக்காச்சோள டோர்ட்டியா வேண்டுமா, கோதுமை மாவு டோர்ட்டியா வேண்டுமா என்பது. மத்திய, தென் மெக்சிகோ சோள நாடு. வடக்கு மெக்சிகோவிலும் டெக்சஸிலும் ஸ்பானியர்கள் கொண்டுவந்த கோதுமை ஊன்றியது. கோதுமை டோர்ட்டியா பார்க்க நம் சப்பாத்தி மாதிரியே இருக்கும். ஆனால் மைதாவில் கொழுப்பு சேர்த்துப் பிசைந்தது. அதனால் மிருதுவாக இருக்கும், லேசாக அடுக்கு பிரியும். பழைய கடைகளில் சூடான டோர்ட்டியாவோடு வெண்ணெயும் வைப்பார்கள். எதைக் கேட்பது? வாட்டிய இறைச்சியைச் சுருட்டிச் சாப்பிட ஃப்ளவர். குழம்பில் ஊறும் பண்டத்துக்கு கார்ன். இதுதான் இங்கே பொது வழக்கம்.

குழம்பில் ஊறும் பண்டம் என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது என்சிலாடா. பெயரைப் பிரித்தால் நடுவில் 'சிலே' இருக்கிறது, அதாவது மிளகாய். 'மிளகாய் பூசியது' என்று பொருள். சோள டோர்ட்டியாவை எண்ணெயில் ஒரு புரட்டு புரட்டி, உள்ளே சீஸும் பொடியாக நறுக்கிய வெங்காயமும் வைத்துச் சுருட்டி, மேலே சில்லி கிரேவி ஊற்றி, மறுபடி சீஸ் தூவி, சீஸ் உருகிக் கொப்பளிக்கும்வரை சூட்டில் வைத்து எடுப்பார்கள். தட்டே அடுப்புக்குள் போய்வருவதால் அதைத் துணியில் பிடித்துக்கொண்டு வந்து "ஹாட் பிளேட்!" என்று சொல்லி வைப்பார்கள். அதைக் கேட்டுக்கொள்ளுங்கள். தொட்டால் நிஜமாகவே சுடும்.

புதுக் கடை ஒன்றுக்குப் போனால் நான் முதலில் வாங்குவது சீஸ் என்சிலாடாதான். இறைச்சியின் ருசியில் குழம்பின் குறை மறைந்துவிடும். சீஸ் என்சிலாடாவில் மறைய இடமில்லை. சில்லி கிரேவி என்பது கொழுப்பில் மாவை வறுத்து, அதில் சில்லி பவுடர், சீரகம், பூண்டு சேர்த்து, இறைச்சி வேகவைத்த சாற்றை ஊற்றிக் கொதிக்கவிட்டது. மாவு வறுத்துக் குழம்பைக் கெட்டியாக்குவது ஐரோப்பியக் கைப்பழக்கம். மெக்சிகோவின் உள்பகுதியில் என்சிலாடா கேட்டால் இந்தக் கிரேவி வராது; பல காய்ந்த மிளகாய்களை ஊறவைத்து அரைத்த குழம்போ, பச்சைத் தக்காளி போன்ற டொமாட்டியோவை அரைத்ததோ வரும். செம்பழுப்பாக, சீரக மணத்தோடு, மேலே மஞ்சள் சீஸ் மிதக்கும் என்சிலாடா வந்தால் நீங்கள் டெக்சஸில் இருக்கிறீர்கள்.

இங்கே சில்லி பவுடர் என்ற சொல் நம் ஆட்களைத் தவறாமல் ஏமாற்றும். அது மிளகாய்த்தூள் அல்ல. காய்ந்த ஆன்ச்சோ மிளகாயோடு சீரகம், ஓரிகானோ, பூண்டு எல்லாம் கலந்த பொடி. நமக்குச் சாம்பார் பொடி எப்படியோ அப்படி. டெக்ஸ்-மெக்ஸ் செய்முறையில் இரண்டு மேசைக்கரண்டி சில்லி பவுடர் என்று பார்த்து, நம் வீட்டு மிளகாய்த்தூளை அளந்து போட்டால் வாயில் வைக்க முடியாது. இந்தப் பொடியைக் கடைச் சரக்காக்கியவர் வில்லியம் கெப்ஹார்ட் என்ற ஜெர்மானியர். ஜெர்மன் குடியேறிகள் உண்டாக்கிய நியூ பிரான்ஃபெல்ஸ் என்ற சின்ன ஊரில் உணவுக்கடை நடத்தினார். மெக்சிகோவிலிருந்து வரவேண்டிய மிளகாய் எல்லா மாதமும் கிடைக்கவில்லை. கிடைக்கும்போது வாங்கிக் காயவைத்து அரைத்து வைத்துக்கொண்டால் வருடம் முழுக்கச் சமைக்கலாமே என்று 1890-களில் தொடங்கியதுதான் அந்தத் தொழில்.

சீரகம் எப்படி வந்தது? 1731-ல் ஸ்பெயின் அரசு கேனரி தீவுகளிலிருந்து குடும்பங்களை அழைத்துவந்து சான் அன்டோனியோவில் குடியமர்த்தியது. சீரகத்தைத் தாராளமாகப் போடும் கைப்பழக்கம் அவர்கள் வழி வந்தது என்று அங்கே சொல்வார்கள். ஊரிலிருந்து வந்த விருந்தாளிகள் முதல் வாய் என்சிலாடாவிலேயே "தெரிந்த ருசியாக இருக்கிறதே" என்று சொல்வதற்குக் காரணம் இந்தச் சீரகம்தான். இன்னொரு பக்கம், நாம் நம்முடையது என்று நினைக்கும் மிளகாயும் தக்காளியும் மெக்சிகோவில் பிறந்து போர்த்துக்கீசியர் காலத்தில் கடல் வழியாக நம்மிடம் வந்தவை. அவர்கள் மிளகாய் நம் ரசத்தில் கொதிக்கிறது. நம் பக்கத்துச் சீரகம் அவர்கள் குழம்பில்.

இந்தக் குழம்பின் தாய் சில்லி கான் கார்னே, அதாவது மிளகாயும் மாட்டிறைச்சியும். 1880-கள் முதல் சான் அன்டோனியோவின் மிலிட்டரி பிளாசாவில் மாலையானால் பெண்கள் அடுப்பு மூட்டி, பெரிய பானைகளில் இதைக் கொதிக்கவைத்து, லாந்தர் வெளிச்சத்தில் நீளமான மேசை போட்டு விற்றார்கள். 'சில்லி ராணிகள்' என்று அவர்களுக்குப் பெயர். ஏழை பணக்காரர், உள்ளூர்க்காரர் வெளியூர்க்காரர் எல்லோரும் அந்த மேசையில் வந்து உட்கார்ந்தார்கள். 1930-களின் கடைசியில் சுகாதார விதிகளைக் காட்டி அவர்களை அப்புறப்படுத்தினார்கள். 1977-ல் டெக்சஸ் சட்டசபை சில்லியை மாநில உணவாக அறிவித்தது. அந்தப் பெருமையில் பெரும்பங்கு பெயர் தெரியாத அந்தப் பெண்களுக்கு உரியது என்று நான் நினைக்கிறேன்.

இந்தச் சாப்பாட்டை விரும்பியவர்கள் சமைத்தவர்களையும் அதே அளவு மதித்தார்கள் என்று சொல்ல முடியாது. த்ரீ ரிவர்ஸ் என்று தெற்கு டெக்சஸில் ஒரு சின்ன ஊர். அந்த ஊர்க்காரர் ஃபெலிக்ஸ் லொங்கோரியா இரண்டாம் உலகப் போரில் பிலிப்பைன்ஸில் உயிர்விட்ட அமெரிக்கச் சிப்பாய். 1949-ல் அவர் உடல் ஊருக்கு வரவிருந்தபோது, வெள்ளையர்களுக்குப் பிடிக்காது என்று காரணம் சொல்லி உள்ளூர் இறுதிச்சடங்கு மண்டபத்தில் இடம் தர மறுத்தார்கள். செனட்டராக இருந்த லிண்டன் ஜான்சன் தலையிட்டு, ஆர்லிங்டன் தேசிய இடுகாட்டில் ராணுவ மரியாதையோடு அடக்கம் நடந்தது. இப்படிப்பட்ட ஊர்களில் ஒரு மெக்சிகோ-அமெரிக்கக் குடும்பம் கடை திறந்து, எல்லோரையும் வரவேற்று உட்காரவைத்துச் சோறு போட்டது சாதாரண விஷயம் அல்ல.

சீஸ் பற்றி ஒரு வார்த்தை. மெக்சிகோவின் உள்பகுதியில் பெரும்பாலும் வெள்ளைச் சீஸ். டெக்சஸில் மஞ்சள் செடார், இல்லையென்றால் பதப்படுத்திய சீஸ். பலர் பதப்படுத்தியதை மட்டமாகப் பேசுவார்கள். ஆனால் சிப்ஸ் தொட்டுக்கொள்ளக் குழம்பாக வரும் 'கேசோ'வுக்கு அதுதான் சரி. வெறும் செடாரை உருக்கினால் எண்ணெய் தனியாக, கட்டி தனியாகப் பிரிந்துவிடும். பதப்படுத்திய சீஸில் சேர்க்கும் சில உப்புகள் கொழுப்பையும் தண்ணீரையும் பிரியவிடாமல் பிடித்துக்கொள்ளும். அதனால் ஆறும்வரை வழவழப்பாக இருக்கும். வீடுகளில் கேசோ செய்ய இந்தச் சீஸோடு சேர்ப்பது ரோ-டெல் என்ற மிளகாய் கலந்த டின் தக்காளி. அதுவும் எல்லைப்புறத்தில் எல்சா என்ற சின்ன ஊரில் 1940-களில் தொடங்கியது.

நாச்சோஸ் எல்லோருக்கும் தெரியும். பெயர் எப்படி வந்தது என்று பலருக்குத் தெரியாது. நாச்சோ ஒரு மனிதரின் செல்லப்பெயர். இக்னாசியோ என்பதை ஸ்பானிய மொழியில் நாச்சோ என்று சுருக்குவார்கள், நாம் சுப்பிரமணியனைச் சுப்பு என்பது போல. டெக்சஸின் ஈகிள் பாஸ் ஊருக்கு எதிர்க்கரையில், மெக்சிகோவில் பியெட்ராஸ் நெக்ராஸ் என்று ஓர் ஊர். அங்கே ஓர் உணவகத்தில் இக்னாசியோ அனாயா வேலை செய்தார். 1940-களின் தொடக்கத்தில் ஒருநாள், அமெரிக்க ராணுவத்தினரின் மனைவிமார் சிலர் பாலம் தாண்டி வந்து உட்கார்ந்தார்கள். அந்நேரம் சமையல்காரர் இல்லை. அனாயாவே உள்ளே போய், டோர்ட்டியாவை வெட்டிப் பொரித்து, ஒவ்வொரு துண்டின்மீதும் சீஸும் ஊறுகாய் ஹலபேன்யோ ஒரு வில்லையும் வைத்துச் சூடு காட்டிக் கொண்டுவந்தார். அவர்கள் பெயர் கேட்டதற்கு 'நாச்சோவின் ஸ்பெஷல்' என்றார். நல்ல சின்ன ஊர்க் கடையில் இன்றும் ஒவ்வொரு சிப்ஸையும் தனித்தனியாக ஜோடித்துத்தான் தருவார்கள். ஸ்டேடியத்தில் பம்ப் செய்து ஊற்றும் சீஸோடு வரும் நாச்சோஸ் 1976-ல் ஆர்லிங்டன் விளையாட்டரங்கில் தொடங்கிய வேறு கிளை. இந்த ஆர்லிங்டன் டெக்சஸில் உள்ள நகரம்; முன்பு சொன்ன இடுகாடு இருக்கும் இடம் வேறு.

பக்கத்து மேசைக்கு இரும்புத் தட்டில் ஒன்று புகைந்துகொண்டு, இரைச்சலோடு போகும். கடை முழுக்கத் திரும்பிப் பார்க்கும். அது ஃபஹீட்டா. ஃபஹா என்றால் இடுப்புக்கச்சை. ஃபஹீட்டா சின்னக் கச்சை. மாட்டின் விலாவுக்கு அடியில் இருக்கும் பட்டை போன்ற உதரவிதானத் தசையைக் குறிக்கும் சொல். தெற்கு டெக்சஸ் பண்ணைகளில் மாடு அறுக்கும்போது நல்ல இறைச்சி முதலாளிக்குப் போகும். தலை, குடல், தோல், இந்தப் பட்டை எல்லாம் மாடு மேய்த்த வாக்கேரோக்களுக்குக் கூலியில் ஒரு பகுதி. தலையைக் குழியில் புதைத்து இரவு முழுக்க வேகவைத்தது பர்பகோவா ஆனது. இரைப்பையைக் கொதிக்கவைத்த சூப் மெனூடோ ஆனது. கடினமான இந்தப் பட்டையைக் கரியில் வாட்டி, நாருக்குக் குறுக்கே மெல்லியதாக அரிந்து டோர்ட்டியாவில் வைத்ததுதான் ஃபஹீட்டா. குறுக்கே அரிந்தால்தான் மெல்ல முடியும்.

இதை வெளியுலகத்துக்குக் கொண்டுவந்ததில் மூன்று இடங்களைச் சொல்ல வேண்டும். சன்னி ஃபால்கன் என்ற இறைச்சிக்கடைக்காரர் 1969-ல் கைல் என்ற சின்ன ஊரின் திருவிழாவில் கடைபோட்டு விற்றார். ஹூஸ்டனில் கணவரை இழந்து, ஐந்து பிள்ளைகளோடு, நொடித்துக்கொண்டிருந்த டோர்ட்டியா தொழிற்கூடத்தைத் தாங்கிப்பிடிக்க நின்ஃபா லொரென்சோ 1973-ல் அதன் முன்பக்கத்தில் சில மேசைகள் போட்டு, இந்த இறைச்சியை டோர்ட்டியாவில் மடித்து டாக்கோ என்று விற்றார். 1982-ல் ஆஸ்டினில் ஒரு பெரிய ஹோட்டல் அதை இரைச்சலிடும் இரும்புத் தட்டில் வைத்துக் கொடுத்தது. ஒரு மாட்டில் சில பவுண்டுகள் மட்டுமே கிடைக்கும் பட்டை அது. கூலிக்காரருக்குப் போன இறைச்சியின் விலை சீக்கிரமே ஏறிவிட்டது. இன்று மெனுவில் சிக்கன் ஃபஹீட்டா, இறால் ஃபஹீட்டா எல்லாம் இருக்கின்றன. சொல்லின்படி பார்த்தால் கோழிக்குக் கச்சை கிடையாது, ஆனால் ருசிக்குக் குறைவில்லை.

மெனுவின் பெரும்பகுதி எண் போட்ட காம்போ தட்டுகள். ஒன்றாம் எண்ணில் இரண்டு என்சிலாடா, ஒரு டாக்கோ. இரண்டாம் எண்ணில் வேறு சேர்க்கை. எல்லாவற்றிலும் மாறாமல் வருவது தக்காளி சேர்த்த சிவப்புச் சோறும், மசித்த பின்ட்டோ பீன்ஸும். அந்த பீன்ஸுக்கு ஆங்கிலத்தில் 'மறுபடி வறுத்தது' என்று பெயர் நிலைத்துவிட்டது. ஸ்பானிய மொழியில் ரெஃப்ரீட்டோஸ் என்பதற்கு 'நன்றாக வறுத்தது' என்பதே பொருள். வேகவைத்த பீன்ஸைக் கொழுப்பில் ஒரே ஒரு முறைதான் வறுக்கிறார்கள். வார நாளில் மதியம் போனால் லஞ்ச் ஸ்பெஷல் என்று இதே தட்டு குறைந்த விலையில் கிடைக்கும்.

டமாலே வாங்கினால் ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். மசா மாவுக்குள் இறைச்சி வைத்து, சோளக்கதிரின் மடலில் சுற்றி ஆவியில் வேகவைத்தது அது. மடலைப் பிரித்துவிட்டுத்தான் சாப்பிட வேண்டும். 1976-ல் தேர்தல் பிரசாரத்துக்கு சான் அன்டோனியோ வந்த ஜனாதிபதி ஜெரால்ட் ஃபோர்டுக்கு யாரும் இதைச் சொல்லவில்லை. கேமராக்களுக்கு முன்னால் மடலோடு கடித்துவிட்டார். டிசம்பரில் பல குடும்பங்கள் ஒன்றுகூடி நாள் முழுக்க உட்கார்ந்து டமாலே சுற்றுவார்கள். கடைகளில் டஜன் கணக்கில் முன்பதிவு நடக்கும்.

இனி நம் ஆட்களுக்கு அவசியமான பகுதி. சைவமாகச் சாப்பிடுகிறவர்கள் பெயரை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது. பீன்ஸ்தானே என்று நினைப்போம். பழைய முறையில் அதை வறுப்பது பன்றிக்கொழுப்பில். சாறோடு கிண்ணத்தில் வரும் சாரோ பீன்ஸில் பன்றி இறைச்சித் துண்டுகள் இருக்கும். சிவப்புச் சோற்றைப் பெரும்பாலும் கோழிச் சாற்றில் வேகவைப்பார்கள். சீஸ் என்சிலாடாவின் உள்ளே சீஸ்தான், மேலே ஊற்றிய கிரேவியில் மாட்டிறைச்சிச் சாறு. டமாலே மாவிலும், சில கடைகளில் கோதுமை டோர்ட்டியாவிலும் பன்றிக்கொழுப்பு உண்டு. என் அம்மா முதல் தடவை வந்திருந்தபோது இரண்டு வாரம் விரும்பிச் சாப்பிட்ட பீன்ஸில் அது இருந்தது என்று பிறகுதான் தெரிந்தது. முன்கூட்டியே கேட்காதது என் தவறு. அம்மா ஒன்றும் சொல்லவில்லை, தட்டை மெல்லத் தள்ளிவைத்தார். அந்த மனவருத்தம் இன்னும் எனக்குப் போகவில்லை.

அதனால் வெட்கப்படாமல் கேளுங்கள். பன்றிக்கொழுப்புக்கு மாந்தேகா என்று பெயர், "பீன்ஸில் மாந்தேகா இருக்கிறதா?" என்றால் உடனே புரியும். சமையலறைக்குப் போய் விசாரித்துவந்து சொல்வார்கள். மறுமுறை அம்மாவை அழைத்துப்போனபோது, பரிமாறிய பெண் தானாகவே யோசித்து, சோள டோர்ட்டியா, தனிச் சட்டியில் வாட்டிய குடைமிளகாய் வெங்காயம், கொழுப்பு சேர்க்காத கறுப்பு பீன்ஸ், குவாக்கமோலே என்று ஒரு தட்டு கொண்டுவந்து வைத்தார். குவாக்கமோலே என்றால் நவாட்ல் மொழியில் அவகாடோத் தொக்கு, அதில் பயமில்லை. மாட்டிறைச்சி தவிர்ப்பவர்கள் இன்னொன்றைக் கவனியுங்கள்: வெறுமனே டாக்கோ என்று கேட்டால் பெரும்பாலும் கொத்திய மாட்டிறைச்சிதான் வரும். கோழி வேண்டுமென்றால் சொல்லிவிட வேண்டும்.

குடிக்க ஐஸ் டீ. குறையக் குறைய ஊற்றுவார்கள். பெரியவர்கள் மேசையில் மார்கரிட்டா என்ற மதுபானம் உறைந்த பதத்தில் இருக்கும். 1971-ல் டல்லஸில் மரியானோ மார்ட்டினஸ் என்ற உணவகக்காரர் ஐஸ்கிரீம் இயந்திரத்தை மாற்றியமைத்து அதை ஊற்றத் தொடங்கினார். அந்த இயந்திரம் இப்போது வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

பில் வந்ததும் மேசையில் பணம் வைக்க வேண்டிய அவசியமில்லாத கடைகள் நிறைய. பில்லை எடுத்துக்கொண்டு வாசலருகே கல்லாவுக்குப் போய்க் கட்ட வேண்டும். விலையோடு விற்பனை வரி சேரும். டெக்சஸ் மாநிலத்தின் பங்கு 6.25 சதவீதம், ஊரின் பங்கு அதிகபட்சம் 2 சதவீதம். டிப்ஸ் தனி. பதினைந்திலிருந்து இருபது சதவீதம் வரை வைப்பது வழக்கம். இதை உபரியாக நினைக்காதீர்கள். டிப்ஸ் பெறும் ஊழியருக்கு டெக்சஸில் முதலாளி கட்டாயமாகத் தரவேண்டிய ரொக்கக் கூலி மணிக்கு 2.13 டாலர்தான். மீதி பெரும்பாலும் நம் கையிலிருந்துதான் போகிறது.

கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு டப்பாவில் பழுப்பு நிற வில்லைகள் இருக்கும். சர்க்கரைப் பாகில் பீக்கான் பருப்பு போட்டுச் செய்த பிரலீன். பீக்கான் டெக்சஸின் மாநில மரம். பல ஊர்களில் வீட்டுக் கொல்லையிலேயே நிற்கும். ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். அப்படியே கண்ணாடிக் கதவில் கையால் எழுதி ஒட்டியிருக்கும் தாளையும் படித்துவிட்டு வாருங்கள். சனி, ஞாயிறு மட்டும் பர்பகோவா, மெனூடோ. தீரும்வரை என்று இருக்கும். ஞாயிறு காலை சர்ச் முடியும் முன்பே போய்விட வேண்டும். பிறகு போனால் தீர்ந்திருக்கும்.